நூறு நாள் காத்திருக்கும் சட்டம்

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் குடியிருப்பின் கூட்ட அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் பேச வேண்டும் என்பது நம் குடியிருப்பின் வழக்கம். இந்த வருஷம் அந்த முறை எனக்கு வந்திருக்கிறது. செயலாளர் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் ஆனதும் கவுன்டரை மூடிவிடுவது பழக்கம். பின்னால் பொங்கலும் வடையும் காத்திருப்பது எனக்கும் தெரியும். அதனால் பயப்பட வேண்டாம்.

நான் படித்தது பி.காம். சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் இன்று ஒரு சட்ட விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிய பிறகு, அது அமலுக்கு வரலாமா கூடாதா என்று பொதுமக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யும் முறை சில நாடுகளில் இருக்கிறது. போன வருஷம் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

2025 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நானும் என் மனைவியும் சுவிட்சர்லாந்தில் மகன் வீட்டில் இருந்தோம். சூரிக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எதிர் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் கவுன்டர், நானும் கவுன்டர். என் மருமகள் மொழிபெயர்க்க, சிநேகம் சீக்கிரமே ஏற்பட்டுவிட்டது.

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் ஒரு தடித்த உறையை எடுத்துவந்து மேஜைமேல் பரப்பினார். ஓட்டுச்சீட்டு, கையெழுத்துப் போட வேண்டிய அட்டை, சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று. தேர்தலா என்று கேட்டேன். இல்லையாம். வருஷத்துக்கு நான்கு முறை வரை இப்படி வருமாம். ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல, விஷயத்தை முடிவு செய்வதற்கு.

அந்தச் சிவப்புப் புத்தகத்தை நான் மருமகளை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகக் கேட்டேன். அரசாங்கம் அச்சடித்து அனுப்புகிற புத்தகம். சட்டம் என்ன சொல்கிறது, அரசு அதை ஏன் ஆதரிக்கிறது என்று இருக்கிறது. அதே புத்தகத்தில், அந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் தங்கள் வாதத்தைத் தங்கள் சொற்களிலேயே எழுதியிருக்கிறார்கள். அரசாங்கத்தின் செலவில், அரசாங்கத்துக்கு எதிரான வாதம், ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் போகிறது.

இப்போது அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

நம் நாட்டில் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மசோதா சட்டமாகிறது. ஆனால் பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, மத்திய அரசு அறிவிக்கும் நாளிலிருந்து இது அமலுக்கு வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்த நாள் வரும்வரை சட்டம் புத்தகத்தில்தான் இருக்கும். 1995-ல் டெல்லி வாடகைச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அமலுக்கு வரும் நாளை எந்த அரசும் அறிவிக்கவே இல்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆக, சட்டம் நிறைவேறுவது ஒன்று, அமலுக்கு வருவது இன்னொன்று. நம் ஊரில் அந்தக் கடைசிச் சாவி பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் அந்தச் சாவியை வாக்காளர் கையில் கொடுத்திருக்கிறார்கள். 1874-ல் அரசியலமைப்பைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றினால் அதை அரசிதழில் வெளியிடுகிறார்கள். அன்றிலிருந்து 100 நாள். அந்த 100 நாளுக்குள் 50,000 வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு, இந்தச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று கேட்டால் விட்டே ஆக வேண்டும். அங்கே மாநிலங்களைக் கான்டன் என்பார்கள். எட்டு கான்டன்கள் சேர்ந்து கேட்டாலும் விட வேண்டும். வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்றால் சட்டம் அமலுக்கு வரும். ‘இல்லை’ என்றால் சட்டம் அத்தோடு முடிந்தது.

வங்கிப் பாஷையில் சொல்கிறேன். வாடிக்கையாளர் செக்கைப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் பாஸ்புக்கில் வரவு விழுந்திருக்கும். “அதான் வந்துடுச்சே, கொடுங்க” என்பார். கிளியரிங் முடியட்டும் சார் என்போம். சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 100 நாள் கிளியரிங்கில் இருக்கிறது. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் தானாகவே பாஸாகிவிடும். பெரும்பாலான சட்டங்கள் அப்படித்தான் பாஸாகின்றன. கையெழுத்து சேகரிக்கும் சிரமத்துக்கு யாரும் போவதில்லை.

அப்படியானால் இந்த ஏற்பாட்டுக்குப் பலன் குறைவு என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பாருங்கள். அங்கே வாக்காளர்கள் ஏறக்குறைய 55 லட்சம். 50,000 என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு பேர் சேர்ந்தாலே சட்டத்தை நிறுத்திவைக்க முடியும் என்பதால், சட்டம் எழுதும்போதே எல்லாத் தரப்பையும் கேட்டுவிடுகிறார்கள். மசோதாவின் வரைவைக் கான்டன்களுக்கும் கட்சிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்பது அங்கே முறையான ஒரு கட்டம். ஆடிட்டர் வருவார் என்று தெரிந்தால் லெட்ஜரை நாம் எப்படி எழுதுவோம்? அது மாதிரி.

கையெழுத்து என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைச் சரிபார்ப்பது யார்? ஒவ்வொரு கையெழுத்தையும் அந்தந்த ஊர் அலுவலகம் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சான்று தர வேண்டும். இருந்தும் குறை இல்லாமல் இல்லை. கூலிக்குக் கையெழுத்து சேகரிக்கும் சில நிறுவனங்கள் போலிக் கையெழுத்துகளைக் கொடுத்ததாக 2024-ல் அங்கே பெரிய புகார் கிளம்பியது. எந்த ஊரானாலும் கையெழுத்து கையெழுத்துதான். கவுன்டர்க்காரன் கண்ணை மூட முடியாது.

சரி, அந்த அம்மாவின் உறையில் என்ன கேள்வி இருந்தது? மின்னணு அடையாள அட்டை. கைபேசியில் வைத்துக்கொள்ளும் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு முன்கதை உண்டு.

2019-ல் அந்த நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன்படி அந்த மின்னணு அட்டையைத் தனியார் நிறுவனங்கள் வழங்கும், அரசு மேற்பார்வை பார்க்கும். இதைப் பலர் ஏற்கவில்லை. என் அடையாளத்தைக் கொடுக்க வேண்டியது அரசாங்கம், கம்பெனி அல்ல என்றார்கள். கையெழுத்துகள் சேர்ந்தன. 2021 மார்ச் 7-ம் தேதி வாக்கெடுப்பு. 64.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு கான்டன்கூட ஆதரிக்கவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒருநாள்கூட அமலுக்கு வராமல் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அரசாங்கம் கவிழவில்லை, யாரும் ராஜினாமா செய்யவில்லை. சில நாளிலேயே எல்லாக் கட்சிக் குழுக்களும், அரசே வழங்கும் அட்டையாகத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று தீர்மானம் கொடுத்தன. புதிதாக எழுதினார்கள். அட்டையை அரசே கொடுக்கும். விவரங்கள் அவரவர் கைபேசியிலேயே இருக்கும். கட்டணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. 2024 டிசம்பரில் இந்தச் சட்டம் நிறைவேறியது. அதையும் விடவில்லை. மறுபடி கையெழுத்து, மறுபடி வாக்கெடுப்பு. எதிர் வீட்டு அம்மா ரயில் நிலைய வாசலில் நின்று கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் முடிவு வந்தது. ஆம் 50.4 சதவீதம். நாடு முழுவதுக்கும் வித்தியாசம் சுமார் 21,000 ஓட்டு. அந்த அம்மா தோற்றுவிட்டார். அவருடைய மகள் ‘ஆம்’ போட்டவராம். இரண்டு பேரும் அன்றைக்கு ஒன்றாகத்தான் காபி குடித்தார்கள். வருத்தமா என்று கேட்டேன். “என் வாதம் புத்தகத்தில் வந்தது, எல்லோரும் படித்தார்கள், எண்ணினார்கள். சட்டம் வரட்டும். எனக்கு வேண்டாமென்றால் நான் அட்டை வாங்கப்போவதில்லை” என்றார்.

தோற்றவர் இப்படிப் பேசியதை நான் அதிகம் கேட்டதில்லை. நம் பொதுக்குழுக் கூட்டங்களிலும் கேட்டதில்லை.

நம் ஆதாரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஆதார் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன்மேல் எழுந்த கேள்விகளை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்த்துவைத்தது. சில பிரிவுகளை ரத்து செய்தது, மற்றவற்றை ஏற்றது. நம் அரசியலமைப்பில் சட்டத்தின்மேல் மக்கள் வாக்கெடுப்பு என்ற ஏற்பாடு இல்லை. அதனால் நாம் கோர்ட்டுக்குப் போகிறோம். சுவிட்சர்லாந்தில் தலைகீழ். மத்திய நாடாளுமன்றத்தின் சட்டத்தை அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்யும் அதிகாரம் அங்கே நீதிமன்றத்துக்குக் கிடையாது. நமக்கு நீதிபதி செய்கிற வேலையில் ஒரு பகுதியை அங்கே வாக்காளர் செய்கிறார்.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி பாலன்ஸ் ஷீட்டைத்தான் காட்டியவன் ஆவேன்.

பிரசவ விடுப்புக் கதையைக் கேளுங்கள். தாய்மைக் காப்பீடு ஏற்படுத்த வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் அரசியலமைப்பில் 1945-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அதற்கான சட்டம் வர வேண்டுமே? ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தடை. 1999-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிரசவமான பெண் எட்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று தொழிலாளர் சட்டம் சொல்லும். அந்த எட்டு வாரத்துக்கும் சம்பளம் உண்டா என்றால், அவரவர் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் 2004 செப்டம்பரில்தான் 55 சதவீத ஆதரவோடு வேறொரு சட்டம் தப்பித்தது. 14 வாரம், சம்பளத்தில் 80 சதவீதம். 2005 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. 1945-க்கும் 2005-க்கும் நடுவில் அறுபது வருஷம். நம் நாட்டில் மகப்பேறு நலச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. என்னோடு கவுன்டரில் இருந்த பெண்கள் சம்பளத்தோடு விடுப்பில் போய் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பணக்கார நாடான அங்கே அதே வயதுப் பெண்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இதைவிடப் பெரிய கதை பெண்களின் ஓட்டுரிமை. அது அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் யாரும் கையெழுத்துப் போடாமலே வாக்கெடுப்பு கட்டாயம். 1959-ல் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம் என்றது. 1971-ல் மறுபடி கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரி என்றது. இரண்டு முறையும் ஓட்டுப்போட்டது ஆண்கள் மட்டும். யாருடைய உரிமையைப் பற்றிய கேள்வியோ, அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். எதிர் வீட்டு அம்மா அப்போது பள்ளி மாணவி. அவருடைய அம்மாவுக்கு ஓட்டு இல்லாத காலம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஓட்டையும் விடாமல் போடுவதற்கு அதுதான் காரணம் என்றார்.

இன்றைக்கும் அங்கே வசிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். மத்திய சட்டங்களில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. என் மகனும் மருமகளும் வரி கட்டுகிறார்கள். சிவப்புப் புத்தகம் அவர்களுக்கு வருவதில்லை.

இத்தாலியில் முறை வேறு. அங்கே சட்டம் அமலுக்கு வந்த பிறகு அதை நீக்கக் கோரலாம். 5 லட்சம் கையெழுத்து வேண்டும். வரி, பட்ஜெட், வெளிநாட்டு ஒப்பந்தம் போன்றவற்றில் கேட்க முடியாது. 1970-ல் அங்கே விவாகரத்துச் சட்டம் வந்தது. அதை நீக்க வேண்டும் என்று கையெழுத்து சேர்த்து 1974 மே மாதம் வாக்கெடுப்பு வைத்தார்கள். 87 சதவீதத்துக்கும் மேல் வந்து ஓட்டுப்போட்டார்கள். 59 சதவீதம் பேர் நீக்க வேண்டாம் என்றார்கள். சட்டம் நிலைத்தது.

ஆனால் இத்தாலியில் ஒரு நிபந்தனை உண்டு. வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓட்டுப்போட வந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். கோரம். நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். இதில் என்ன ஆகிறது? சட்டம் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வந்து எதிர்த்து ஓட்டுப்போட வேண்டியதில்லை, வீட்டில் இருந்தாலே போதும். 1991-ல் பெட்டினோ கிராக்சி என்ற முன்னாள் பிரதமர் மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னது அங்கே பிரபலம். அந்த முறை மக்கள் கேட்கவில்லை, ஓட்டுப்போட வந்துவிட்டார்கள். ஆனால் 2025 ஜூன் மாதம் ஐந்து கேள்விகள் விட்டார்கள். வந்தது சுமார் 30 சதவீதம். ஐந்தும் செல்லாமல் போயின. சுவிட்சர்லாந்தில் கோரம் கிடையாது. வராதவர் வந்தவர்களின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான்.

நம் சங்கத்தில் என்ன செய்கிறோம்? கோரம் இல்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, அதே பதினெட்டு பேரோடு கூட்டத்தை நடத்துகிறோம். இத்தாலியின் கோரத்தையும் சுவிட்சர்லாந்தின் கோரமின்மையையும் அரை மணி நேர இடைவெளியில் நாம் பார்த்துவிடுகிறோம்.

சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

நவம்பரில், நான் திரும்பி வந்த பிறகு, ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. வீட்டு வேலைக்கு வருபவர்களும் டெலிவரிக்கு வருபவர்களும் இரண்டாம் எண் லிப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாளை முதல் அமல். நிர்வாகக் குழுவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் லிப்டுக்கு வரிசையில் நின்றது உண்மை. அதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. நானும் அந்த அறிவிப்புக்குக் கட்டைவிரல் போட்டேன். முழுசாகப் படிக்காமலே போட்டேன்.

அடுத்த வாரம் இரண்டாம் எண் லிப்ட் பழுதானது. பாகம் வர பதினோரு நாள் ஆனது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஐம்பது வயது, முழங்கால் வலி. ஐந்தாம் மாடி. எட்டாம் நாள், ஏன் தினமும் தாமதம் என்று என் மனைவி கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் படியேறி வருகிறார் என்று. ஒண்ணாம் நம்பர் லிப்ட் ஓடுதேம்மா என்று நான் கேட்டேன். “நோட்டீஸ் ஒட்டியிருக்கே சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று 1959-ல் ஓட்டுப்போட்ட சுவிஸ் ஆண்களைப் பற்றி மகன் வீட்டில் உட்கார்ந்து நான் தலையில் அடித்துக்கொண்டவன். இங்கே வந்து கட்டைவிரல் போட்டிருக்கிறேன்.

அதனால் மார்ச் மாதப் பொதுக்குழுவில் மூன்று விஷயங்களை நான் எழுத்தில் கொடுக்கப்போகிறேன். ஒன்று, தினசரி நடைமுறையை மாற்றும் எந்த விதியும் அறிவித்த நாளிலிருந்து 21 நாள் கழித்துத்தான் அமலாக வேண்டும். மோட்டார் எரிந்தது, தண்ணீர்த் தொட்டி உடைந்தது போன்ற அவசரங்களுக்கு இது பொருந்தாது. சுவிட்சர்லாந்திலும் அவசரச் சட்டம் உடனே அமலாகும், ஓட்டெடுப்பு பிறகு நடக்கும். கொரோனா சட்டத்தை உடனே அமல்படுத்திவிட்டு, அதையும் அதன் திருத்தங்களையும் மூன்று முறை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூன்று முறையும் மக்கள் ஏற்றார்கள்.

இரண்டு, நம் 96 வீடுகளில் 15 வீடுகள் அந்த 21 நாளுக்குள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் விதியை ஓட்டுக்கு விட வேண்டும். அறிவிப்பிலேயே குழுவின் காரணமும் எதிர்ப்பவர்களின் காரணமும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

மூன்று, ஓட்டில்லாதவர்களைப் பாதிக்கும் விதி என்றால், வாடகைக்கு இருப்பவர், வேலைக்கு வருபவர், காவலாளி, யாரானாலும் சரி, அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். சுவிட்சர்லாந்து இதை 1959-ல் செய்யவில்லை. நாமாவது செய்யலாம்.

இதற்கு ஆட்சேபணை இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு என்றால் ஒரு பல்பு மாற்ற முடியாது என்பார்கள். அங்கே பெரும்பாலான சட்டங்கள் ஓட்டுக்கே போகாமல் பாஸாகின்றன என்று சொன்னேன் அல்லவா, இங்கேயும் அப்படித்தான் இருக்கும். என் யோசனையும் தோற்கலாம். தோற்றால் எதிர் வீட்டு அம்மாவைப் போல ஒரு காபி குடித்துவிட்டுப் போவேன். ஆனால் எண்ணிப் பார்த்துத் தோற்கடியுங்கள். கோரம் இல்லாமல் தோற்கடிக்காதீர்கள். மார்ச் பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள்.

இரண்டாம் எண் லிப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. அந்த நோட்டீஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போகும்போது ஒருமுறை நின்று முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

பொங்கல் ஆறுகிறது.